பெட்ரோல் ஸ்விஃப்ட்டில் ஆம்ப், டேஷ்கேம், ஃபாக் லைட்: 35 ஏஎச் பேட்டரிக்குப் பதில் எது போடலாம்?

அடையாறு_ஸ்விஃப்ட் கேட்டது:

வண்டி 2015 ஸ்விஃப்ட் பெட்ரோல். பேட்டரி கம்பெனி அளவுதான்: 38பி20எல், 35 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு). போட்டு மூன்று வருடம் ஆகிறது. பிறகு நான் சேர்த்தவை: 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு பிளேயர், ஏபி கிளாஸ் நாலு சேனல் ஆம்ப் (4 × 50 வாட் ஆர்எம்எஸ்), வூஃபருக்கு டி கிளாஸ் மோனோ ஆம்ப் (300 வாட் ஆர்எம்எஸ்), 55 வாட் ஹாலஜன் ஃபாக் லைட் ஒரு ஜோடி, ஜிபிஎஸ் டிராக்கர், முன்னும் பின்னும் டேஷ்கேம். கேமராவில் பார்க்கிங் மோடு (வண்டி நிற்கும்போதும் பதிவு) எப்போதும் ஆன். கேமராவை நேரே பேட்டரியோடு இணைக்கும் ஹார்டுவயர் கிட்டின் கட்-ஆஃப் 11.8 வோல்ட்டில் இருக்கிறது.

ஆபீஸ் 6 கிலோமீட்டர். போக 25 நிமிடம், வர 25 நிமிடம், முழுக்க டிராஃபிக். சனி ஞாயிறு வண்டி அநேகமாக எடுப்பதில்லை. திங்கள் காலை சாவி திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும்தான். ஜம்ப் கொடுத்து எடுத்து, மெக்கானிக்கிடம் விட்டு சார்ஜ் ஏற்றினால் இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும். வியாழன் வெள்ளியில் செல்ஃப் மறுபடி இழுவை.

ஒரு கடையில் 45 ஏஎச் போடலாம் என்கிறார்கள். இன்னொரு கடையில் "65 போட்டுடுங்க, அஞ்சு வருஷம் திரும்பிப் பாக்க வேண்டாம்". மெக்கானிக், பெரிய பேட்டரி போட்டால் டைனமோ போய்விடும் என்கிறார். நண்பர் ஒருவர் ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்த பேட்டரி) வாங்கச் சொல்கிறார். எதைக் கேட்பது?


நெகட்டிவ்_எர்த்:

வாங்குவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் இரண்டு கணக்குப் போடுங்கள். இன்ஜின் நிற்கும்போது எவ்வளவு போகிறது என்பது ஒன்று. இன்ஜின் ஓடும்போது எவ்வளவு வருகிறது, எவ்வளவு செலவாகிறது என்பது மற்றொன்று. ஏஎச் முதல் கணக்கில் மட்டும்தான் உதவும். மேல்தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் மோட்டார் கூடுதலாக இறைக்காது.

நிற்கும் கணக்கு. இரண்டு கேமரா சேர்ந்து பார்க்கிங் மோடில் 0.25 முதல் 0.4 ஆம்பியர் எடுக்கும், 0.3 என்று வைப்போம். டிராக்கர் 0.04. வண்டியின் சொந்தச் செலவு, அதாவது ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) நினைவகம், ரிமோட் லாக், கடிகாரம் எல்லாம் 0.03. மொத்தம் 0.37 ஆம்பியர். வெள்ளி இரவு 7 மணி முதல் திங்கள் காலை 8 மணி வரை 61 மணி நேரம். 61 × 0.37 = 22.6 ஏஎச்.

புத்தம் புது 35 ஏஎச் பேட்டரி முழு சார்ஜில் நின்றிருந்தாலும் திங்கள் காலை மிச்சம் 12 ஏஎச் சொச்சம்தான், மூன்றில் ஒரு பங்கு. உங்களுடையது மூன்று வருடம் சென்னை வெயிலில் கிடந்தது. அதில் 35 இருக்கவே இருக்காது. 45 ஏஎச் என்றால் பாதி மிஞ்சும். 65 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. இதை மட்டும் பார்த்தால் 65 சொன்ன கடைக்காரர் சொன்னது சரிதானே என்று தோன்றும்.

சாதாரண வேலை நாளைப் பாருங்கள். வண்டி நிற்பது 23 மணி நேரம், செலவு 8.5 ஏஎச். ஓடுவது 50 நிமிடம். டிராஃபிக்கில் ஏசி, ஃபேன், பாட்டு எல்லாம் போக பேட்டரிக்குள் சராசரியாக 10 ஆம்பியர் போனால் பெரிது. அது சுமார் 8 ஏஎச். சார்ஜ் ஏறும்போது ஏற்படும் இழப்பைக் கழித்தால் 7. ஆக, வண்டி தினமும் ஓடினாலும் தினமும் நஷ்டம். அதற்கு மேல் வாரக் கடைசியில் 22 ஏஎச் கடன். இந்தக் கடனை எந்த அளவு பேட்டரியும் அடைக்காது. 35 ஒரு வாரத்தில் படுத்தால், 65 இரண்டு மூன்று வாரம் தாங்கி, பிறகு படுக்கும். இடைப்பட்ட காலம் முழுக்க அரைச் சார்ஜில் கிடப்பதால் தகடுகளில் சல்ஃபேட் கெட்டியாகிவிடும். இரண்டு வருடத்தில் இன்னொரு பேட்டரி வாங்க வேண்டியிருக்கும், அதுவும் அதிக விலையில்.

அடுத்து, ஓடும் கணக்கு. மழை இரவு, ஏசி ஆன். இன்ஜெக்‌ஷன், இக்னிஷன், பெட்ரோல் பம்ப் சேர்த்து 10 முதல் 12 ஆம்பியர். ஹெட்லைட்டும் பார்க்கிங் லைட்டும் 10. ஏசி கிளட்ச் 4. ப்ளோயர் 10 முதல் 12. ரேடியேட்டர் ஃபேன் 10. வைப்பர் 5. கம்பெனி சாமான் மட்டுமே கிட்டத்தட்ட 50. இனி உங்கள் சாமான்: ஃபாக் லைட் 110 வாட், 8 ஆம்பியர். ஏபி ஆம்ப் 60 சதவீதத் திறன் என்றால் உச்சத்தில் 24 ஆம்பியர், டி கிளாஸ் 80 சதவீதம் என்றால் 27. பாட்டு உச்சத்திலேயே நிற்காது. சத்தமாகக் கேட்டாலும் சராசரி மூன்றில் ஒரு பங்குதான், 15 முதல் 17. பிளேயர், கேமரா, போன் சார்ஜர் இன்னும் 3. மொத்தம் 75-ஐத் தாண்டுகிறது.

இந்த வகைச் சின்ன பெட்ரோல் கார்களில் டைனமோ 60 முதல் 80 ஆம்பியர் ரகம். அந்த எண் வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. சிக்னலில் ஐடிலில், சூடேறிய நிலையில், அதில் பாதி வந்தால் நல்லது. மீதி பேட்டரியிலிருந்துதான் போகும்.

மெக்கானிக் சொன்ன பயத்தில் பாதிதான் உண்மை. ஏஎச் அதிகமான பேட்டரி போட்டதற்காக டைனமோ போகாது; முழு சார்ஜில் உள்ள 65-ம் 35-ம் அதனிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே அளவு. அதைக் கொல்வது, வாராவாரம் செத்த பேட்டரியை ஜம்ப் கொடுத்து எடுத்துவிட்டு டிராஃபிக்கில் போவது. அப்போது டைனமோ முழு பலத்தில், காற்றோட்டமே இல்லாமல், அரை மணி நேரம் வேகும். டையோடு அல்லது ரெகுலேட்டர் போவது அப்போதுதான். பெரிய பேட்டரி செத்தால் இந்த வேகல் இன்னும் நீளும்.

எதுவும் வாங்குமுன் நாலு அளவு எடுத்துப் போடுங்கள்:

1. ராத்திரி முழுக்க நின்ற பிறகு, பூட்டைத் திறக்காமல் இருக்கும்போதே பேட்டரி வோல்ட். பானெட்டை முந்தைய இரவே லேசாகத் தூக்கி வையுங்கள். 12.6-க்கு மேல் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்.
2. செல்ஃப் அடிக்கும்போது இறங்கும் மிகக் குறைந்த வோல்ட். மீட்டரில் மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் MIN பொத்தான் இருந்தால் எளிது. 9.6-க்குக் கீழே போனால் சந்தேகம்.
3. பேட்டரி வோல்ட், ஐடிலில் எதுவும் போடாமலும், எல்லாம் போட்டும்; பிறகு 2000 ஆர்பிஎம்மில் எல்லாம் போட்டு.
4. நிற்கும்போது கசியும் ஆம்பியர். நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் போஸ்ட்டுக்கும் (பேட்டரியின் ஈய முனை) நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து மாட்டுங்கள். டிரைவர் கதவின் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி விடுங்கள், வண்டி கதவு மூடியதாக நினைக்கும். அரை மணி நேரம் காத்திருங்கள். மாட்டியதும் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், எல்லாம் தூங்கப் போக நேரம் பிடிக்கும். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டர் ஃபியூஸ் அங்கேயே போய்விடும். டிசி கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் எதையும் கழற்ற வேண்டாம்.


பானெட்_திற:

மேலே சொன்ன கணக்குல மறுப்பு இல்ல. அளவு விஷயத்த நான் சொல்றேன், கடையில ஏமாறுறது பெரும்பாலும் இங்கதான்.

38பி20எல்-ல 38-ங்கறது ஏஎச் இல்ல. அது ஜப்பான் ஜேஐஎஸ் முறையில திறனைக் குறிக்கிற ஒரு எண், அவ்வளவுதான். பி-ங்கறது அகலம், 129 மில்லிமீட்டர். 20-ங்கறது நீளம் சென்டிமீட்டர்ல. எல்-ங்கறது டெர்மினல் எந்தப் பக்கம்னு. இதே மாதிரி 55பி24எல்-னா 55 ஏஎச் இல்ல, 45 ஏஎச். "55 குடுத்திருக்கேன் சார்"னு சொல்லி 45-ஐக் கையில குடுப்பாங்க. ஸ்டிக்கர்ல ஏஎச்-னு தனியா அடிச்சிருக்கும், அதப் பாருங்க. பக்கத்துல சி20-னு இருக்கணும், அதாவது 20 மணி நேரக் கணக்கு.

உங்க ட்ரேல பொருந்துற வாய்ப்பு எதுக்கு அதிகம்னா பி24-க்குத்தான். பி20 நீளம் 197, பி24 நீளம் 238; அகலமும் உயரமும் ஒண்ணுதான், 129-ம் 227-ம். நாலு சென்டிமீட்டர் இடம் நீளவாக்குல இருக்கான்னு ஸ்கேல் வச்சுப் பாத்தா முடிஞ்சது. மேல இருக்கிற பட்டிய அப்படியே மாட்டலாம், ஜே போல்ட்டு ரெண்டும் அதே இடத்துல விழுதான்னு மட்டும் பாருங்க.

டி23-னா 60 ஏஎச்சும் அதுக்கு மேலயும். நீளம் 232, ஆனா அகலம் 173. ட்ரேய விட்டு நாலரை சென்டிமீட்டர் வெளிய நிக்கும். எடையும் 35-க்கு ஒன்பது பத்து கிலோனா இது பதினஞ்சு கிலோ. பட்டி சரியா உக்காராது, கயிறு கட்டி விடுவாங்க. குண்டு குழில ஆடி ஆடி தகடு உதிரும், உள்ள ஷார்ட் ஆகும். சில வண்டில ட்ரேயே விரிசல் விடும். 65 சொன்ன கடைக்காரர் உங்க ட்ரேய நேர்ல பாத்தாரான்னு கேளுங்க.

டின் (DIN) ரகம், அதாவது ஜெர்மன் அளவு, வேற கதை. டின் 44, 45 எல்லாம் 207 நீளம், 175 அகலம். அதுக்கு அடியில உதடு மாதிரி விளிம்பு இருக்கும், கீழ இருந்து கிளாம்ப் புடிக்கணும். மேல்பட்டி ட்ரேல அத போட்டா புடிமானமே இல்ல. உங்களுக்கு வேண்டாம்.

டெர்மினல் தடிமன மறந்துடாதீங்க. பி20-ல வர்றது மெல்லிசு போஸ்ட், பாசிட்டிவ் 14.7 மில்லிமீட்டர், நெகட்டிவ் 13. பி24-ல மெல்லிசும் உண்டு, தடிசும் உண்டு. பேர் கடைசில எஸ் இருந்தா, அதாவது 55பி24எல்எஸ்-னா தடிசு, 19.5-ம் 17.9-ம். உங்க கிளாம்ப் மெல்லிசுக்கானது. தடிசு போஸ்ட்ல அதச் சுத்தியலால அடிச்சு ஏத்துவாங்க, அப்பவே போஸ்ட் அடியில விரிசல் விழுந்து ஆசிட் கசியும். எஸ் இல்லாததக் கேட்டு வாங்குங்க. கடைசி எழுத்து எல்-ஐ ஆர்-ஆ மாத்திடவும் கூடாது. ஒயரு எட்டாது, இழுத்து எட்ட வச்சா பாடில உரசும்.

வாங்கறதுக்கு முன்னாடி பானெட் இடைவெளி பாருங்க. சப்பாத்தி மாவு உருண்டை ஒண்ண பாசிட்டிவ் மூடி மேல வச்சு பானெட்ட மூடித் தொறங்க. நசுங்கின உருண்டை ரெண்டு சென்டிமீட்டருக்குக் குறையாம இருக்கணும்.

ஏஜிஎம் பத்தி: நல்ல சாதனம்தான், அடிக்கடி இறங்கி ஏறுறதத் தாங்கும். ஆனா அதுக்குச் சூடு ஆகாது. ஐரோப்பியக் கார்கள்ல அத டிக்கிலயோ சீட்டுக்கு அடியிலயோ வைக்கறது அதுக்கும் சேத்துத்தான். மே மாசம் ஸ்விஃப்ட் பானெட்டுக்குள்ள அத வச்சா ரெண்டு மடங்கு காசுக்குப் பலன் வராது. நடுவுல இருக்கறது ஈஎஃப்பி, ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்குன்னு வர்றது. பி24 அளவுல அதுக்குப் பேரு என்55, பி20 அளவுல எம்42. அடிக்கடி அரைச் சார்ஜுக்கு இறங்கறத சாதா பேட்டரிய விட நல்லா தாங்கும், சாதா சார்ஜிங் வோல்ட்டே போதும். உங்க உபயோகத்துக்கு என்55 கிடைச்சா முதல் சாய்ஸ், இல்லனா சாதா 55பி24எல். வாங்கறப்ப டெர்மினல் பக்கமும் தடிமனும் மறுபடி பாருங்க.


அடையாறு_ஸ்விஃப்ட்:

விரிவான பதிலுக்கு நன்றி. அளவு எடுத்துவிட்டேன்.

காலை, நின்ற நிலை: 12.05. செல்ஃப் அடிக்கும்போது: 8.9. ஐடில், எதுவும் போடாமல்: 14.1. ஐடில், ஏசி, ஹெட்லைட், ஃபாக், வைப்பர், பாட்டு எல்லாம் போட்டு: 12.5. அதே 2000 ஆர்பிஎம்மில்: 13.6.

கசிவு: அரை மணி நேரம் கழித்தும் 0.58 ஆம்பியர். நீங்கள் சொன்ன 0.37-ஐவிட அதிகமாக இருக்கிறதே? ட்ரேயில் நீளவாக்கில் 5 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது.


நெகட்டிவ்_எர்த்:

0.58-ஐ 61 மணி நேரத்தால் பெருக்குங்கள்: 35 ஏஎச். உங்கள் பேட்டரியில் எழுதியிருக்கும் மொத்தக் கொள்ளளவும் அதுதான். திங்கள் காலை டக் டக் ஏன் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கூடுதல் 0.2 எங்கே என்று கண்டுபிடிப்பது எளிது. மீட்டர் மாட்டியபடியே ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி எண்ணைப் பாருங்கள். முதலில் ஆடியோ ஃபியூஸ். ஆண்ட்ராய்டு பிளேயர்கள் சாவியை எடுத்ததும் அணைவதில்லை, தூங்குகின்றன. அடுத்த முறை இரண்டு நொடியில் எழுந்திருப்பது அதனால்தான். அதற்கு விலை இந்த 0.2. செட்டிங்கில் ஸ்டாண்ட்பை அல்லது ஃபாஸ்ட் பூட் என்று இருக்கும், முழு ஆஃப் ஆக்குங்கள். அரை நிமிடம் பூட் ஆகும், போகட்டும். செட்டிங்கில் இல்லையென்றால் பிளேயரின் மஞ்சள் (நேரடி பேட்டரி) ஒயருக்கு, ஏசிசி-யால் (சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயர்) இயங்கும் ரிலே ஒன்று போடலாம்.

பிளேயரில் இல்லையென்றால் ஆம்ப்பைச் சந்தேகப்படுங்கள். நீலத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ரிமோட் ஒயர் பிளேயரிலிருந்து வர வேண்டும். அதை நேரடி 12 வோல்ட்டில் முறுக்கி விட்டால் பாட்டே இல்லாமல் ஆம்ப் விழித்திருக்கும்.

கேமரா: கட்-ஆஃப் 11.8 என்பது பேட்டரி காலியான பிறகு அணைப்பது. அதை 12.4-க்கு ஏற்றுங்கள். இரவு முழுக்கப் பதிவாகாது என்று கவலைப்படுவீர்கள். உண்மைதான், சில மணி நேரத்தில் அணைந்துவிடும். டைம்லாப்ஸ் மோடுக்கு மாற்றினால் மெமரி கார்டில் இடம் மிஞ்சும், ஆம்பியர் அவ்வளவாகக் குறையாது. வீட்டில் பூட்டிய கேட்டுக்குள் நிற்கும் வண்டி என்றால் சனி ஞாயிறு பார்க்கிங் மோடே வேண்டாம். தெருவில் நிற்கிறது, பதிவு கட்டாயம் வேண்டும் என்றால் கேமராவுக்கென்றே லித்தியம் அயர்ன் பாஸ்ஃபேட் பேட்டரி பேக் வருகிறது. 75 வாட்-அவர் பேக் உங்கள் கேமராவை 20 மணி நேரம் ஓட்டும், வண்டி ஓடும்போது 7, 8 ஆம்பியர் எடுத்து முக்கால் மணி நேரத்தில் நிரம்பும். விலை இன்னொரு கார் பேட்டரியை விட அதிகம். அதை சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டும், டேஷ்போர்டு மேல் வெயிலில் வேண்டாம்.

இனி ஓடும் பக்கம். ஐடிலில் 12.5 என்றால் டைனமோ கைவிட்டுவிட்டது, பேட்டரிதான் கொடுக்கிறது. 12.8-க்குக் கீழே எப்போது போனாலும் இதுதான் பொருள். முதலில் செலவைக் குறையுங்கள்: ஃபாக் லைட்டை நல்ல எல்இடிக்கு மாற்றினால் 8 ஆம்பியர் 3 ஆகும். ஏபி ஆம்ப்புக்குப் பதில் டி கிளாஸ் நாலு சேனல் போட்டால், சத்தமாகக் கேட்கும்போது ஆம்ப் எடுப்பதில் ஒரு கால் பங்கு மிஞ்சும். மெதுவாகக் கேட்கும்போது வித்தியாசம் அதைவிடப் பெரிது, ஏபி ஆம்ப் சும்மா இருக்கும்போதே ஆம்பியர் தின்னும்.

பிறகு ஒயரில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பாருங்கள். எல்லாம் போட்டு 2000 ஆர்பிஎம்மில் மீட்டரின் ஒரு முனை டைனமோவின் தடித்த போல்ட்டில், மறுமுனை பேட்டரி பாசிட்டிவ் போஸ்ட்டில். கிளாம்பில் வைக்காதீர்கள், போஸ்ட்டிலேயே வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒயரும் முனையும் சரியில்லை. அதேபோல் டைனமோ உடம்பிலிருந்து நெகட்டிவ் போஸ்ட். இங்கே 0.1-க்குள் இருக்க வேண்டும். பத்து வருட வண்டியில் இன்ஜின் எர்த் பட்டை பச்சை பூத்திருப்பது சாதாரணம். அதை மாற்றச் சில நூறு ரூபாய்தான். பலர் இதைச் செய்யாமல் பேட்டரியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.


கோவை_ஸ்பேனர்:

டிக்கியில் ஆம்ப்புக்கென்று தனியாக இன்னொரு பேட்டரி வைத்தால் என்ன? கூடவே ஒரு ஃபேரட் கப்பாசிட்டர். ஷோ வண்டிகளில் அப்படித்தானே செய்கிறார்கள்.


நெகட்டிவ்_எர்த்:

ஷோ வண்டிகளில் 200 ஆம்பியர் டைனமோவும் சேர்த்துப் போடுகிறார்கள். இங்கே ஒரு பேட்டரியை நிரப்பவே டைனமோவால் முடியவில்லை. இரண்டாவதை நிரப்ப எங்கே போவது?

வண்டியை நிறுத்தி இரண்டு மூன்று மணி நேரம் பாட்டு போடுகிறவருக்கு, கேம்பிங்கில் ஃப்ரிட்ஜ் ஓட்டுகிறவருக்கு இரண்டாவது பேட்டரி சரி. அப்போதும் நேரே இணைக்கக் கூடாது. 13.3 வோல்ட்டில் சேர்த்து 12.8-ல் பிரிக்கும் ரிலே வேண்டும், இரண்டு பேட்டரிக்குப் பக்கத்திலும் ஃபியூஸ் வேண்டும். பயணிகள் இருக்கும் இடத்தில் சாதா பேட்டரி வைக்கவே கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், ஆசிட் சிந்தும். ஏஜிஎம் டிக்கியில்தான் தன் விலைக்கு வேலை செய்யும்.

கப்பாசிட்டர் பேஸ் அடிக்கும் அந்த அரை நொடி லைட் மங்காமல் பார்த்துக்கொள்ளும். சராசரிப் பற்றாக்குறையை அது தொடுவதே இல்லை. அந்தக் காசுக்கு நல்ல செம்பு ஒயர் வாங்கலாம். இரண்டு ஆம்ப்பும் சேர்ந்து உச்சத்தில் 50 ஆம்பியர் என்றோம். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர். 10 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.44 வோல்ட் தொலையும், 16-ல் 0.27, 25-ல் 0.18. 16 குறைந்தபட்சம். கடையில் கிட் என்று பிளாஸ்டிக் பையில் தருவதில் பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். வெளியே தடிமனாகத் தெரியும், இழை மெல்லியது, அதே குறுக்களவு செம்பை விட மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

60 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள். ஆம்ப்பின் சொந்த ஃபியூஸ் ஆம்ப்பைக் காக்கும், ஒயரைக் காக்காது. ஃபயர்வால் துளையில் ரப்பர் இல்லாமல் உரசினால் தீப்பிடிப்பது ஒயர்தான்.


பானெட்_திற:

கடையில வாங்கறப்ப மூணு விஷயம். தயாரிச்ச தேதி: ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு குறியீடு அடிக்கும், கடைக்காரரையே பிரிச்சுச் சொல்லச் சொல்லுங்க. மூணு மாசத்துக்கு மேல ஷெல்ஃப்ல இருந்தது வேண்டாம். ரெண்டாவது, உங்க மீட்டர்ல வோல்ட் பாருங்க. 12.5-க்குக் கீழ இருந்தா வேற எடுக்கச் சொல்லுங்க, "மாட்டி ஓட்டுனா ஏறிடும்"னு சொல்றத கேக்காதீங்க. பேட்டரி மேல சார்ஜ் காட்டுற பச்சைக் கண்ண மட்டும் நம்பவும் வேண்டாம், அது ஆறு செல்லுல ஒண்ணத்தான் காட்டும். மூணாவது வாரண்டி. 24 மாசம் இலவசம், அடுத்த 24 மாசம் கழிவு விலைனு ரெண்டா பிரிச்சிருப்பாங்க, மொத்தமா கூட்டி ஒரே எண்ணா சொல்வாங்க. இலவச மாசம் எத்தனைன்னு பாத்து ஒப்பிடுங்க. டேஷ்கேம் உறிஞ்சி செத்த பேட்டரிய வாரண்டிக்குக் கொண்டு போனா, பெரும்பாலும் சார்ஜ் ஏத்தித் திருப்பிக் குடுத்துடுவாங்க. பழசுக்குக் கழிவு உண்டு, அதக் கழிச்ச விலையா கழிக்காத விலையான்னு முதல்லயே கேளுங்க.

மாட்டும்போது: சாவி வெளிய. 10 ஸ்பேனர். கழட்டறப்ப நெகட்டிவ் முதல்ல, மாட்டறப்ப நெகட்டிவ் கடைசில. பாசிட்டிவ்ல ஸ்பேனர் இருக்கறப்ப அது பாடில பட்டாலும் தீப்பொறி வராம இருக்கறதுக்குத்தான் இந்த வரிசை. கிளாம்ப்ல வெள்ளை பூத்திருந்தா சமையல் சோடா கரைச்ச தண்ணி ஊத்திக் கழுவி, காயவச்சு, உள்பக்கம் உப்புத்தாள் போட்டு பளபளன்னு ஆக்குங்க. இறுக்கின அப்புறம் மேல வாசலின் தடவுங்க, உள்ள தடவாதீங்க. கையால திருகிப் பாத்தா கிளாம்ப் அசையக் கூடாது. அதுக்கு மேல இறுக்குனா மெல்லிசு போஸ்ட் திரும்பிக்கும். மேல்பட்டிய மறக்காம மாட்டுங்க.

ஆம்ப், ஃபாக், கேமரா, டிராக்கர்னு அஞ்சாறு லக்க (ஒயர் முனை வளையம்) ஒரே கிளாம்ப் போல்ட்ல அடுக்கி வச்சிருப்பீங்க. அத மாத்துங்க. பாசிட்டிவ்ல ஒரே தடித்த ஒயர் எடுத்து ஃபியூஸ் பாக்ஸ் ஒண்ணு வச்சு அதுல இருந்து பிரிங்க. எர்த் எல்லாம் பாடில, பெயிண்ட சுரண்டி. புது வண்டிக்காரங்க யாராச்சும் படிச்சா: நெகட்டிவ் கிளாம்ப் மேல சின்ன சென்சார் பெட்டி இருந்தா, கூடுதல் எர்த்த பேட்டரி போஸ்ட்ல குடுக்கவே கூடாது, பாடிலதான் குடுக்கணும். இல்லனா அந்த சென்சார் கணக்கு தப்பாகி, சார்ஜிங்கே தப்பா நடக்கும்.


அடையாறு_ஸ்விஃப்ட்:

ஆடியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.39-க்கு இறங்கியது. ஸ்டாண்ட்பை ஆஃப் செய்துவிட்டேன். கேமரா ஒயரைக் கழற்றினால் 0.09. டைனமோவிலிருந்து பாசிட்டிவ் 0.35 வோல்ட், எர்த் பக்கம் 0.22. எர்த் பட்டையும் டைனமோ ஒயரும் மாற்றப் போகிறேன். என்55 சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைசிக் கேள்வி: வாராவாரம் வீட்டில் சார்ஜ் போட வேண்டுமா? எந்த சார்ஜர்?


நெகட்டிவ்_எர்த்:

0.09 என்றால் வாரக் கடைசிக்கு 5.5 ஏஎச். 45 ஏஎச் பேட்டரிக்கு அது ஒன்றுமில்லை. கேமராவை 12.4 கட்-ஆஃபில் வைத்தால் வாராவாரம் தேவைப்படாது. ஆனால் உங்கள் ஓட்டம் குறைவு. வெறும் 25 நிமிட டிராஃபிக்கில் பேட்டரி 100 சதவீதம் ஏறவே ஏறாது, கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். மாதம் ஒரு இரவு போடுங்கள். ஈசிஆரில் மகாபலிபுரம் தாண்டி ஒரு முறை போய்வந்தால் அந்த மாதம் விட்டுவிடலாம்.

சார்ஜர் 4 அல்லது 5 ஆம்பியர், 14.4 வோல்ட்டில் நின்று பிறகு தானாக 13.5 பக்கம் இறங்கும் ஸ்மார்ட் வகை. மெக்கானிக் கடைகளில் இருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். நெகட்டிவ் கிளிப்பைப் போஸ்ட்டில் போடாமல் இன்ஜின் பிளாக்கில் போடுங்கள். புது பேட்டரி வந்ததும் மாட்டுவதற்கு முன் ஒரு முறை முழுக்க ஏற்றி, மறுநாள் காலை வோல்ட்டைக் குறித்து வையுங்கள், 12.6-க்குக் குறைவாகக் காட்டினால் அன்றைக்கே கடைக்குத் திருப்பிக் கொண்டு போங்கள். பழையதையும் அதுவரை கடையில் ஒப்படைக்காதீர்கள்.


பானெட்_திற:

பேட்டரி மாத்தின உடனே ஐடில் கொஞ்சம் ஏற இறங்க இருக்கும், பயப்படாதீங்க. எல்லாத்தையும் ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் ஐடில்ல விடுங்க, அப்புறம் ஏசி போட்டு அஞ்சு நிமிஷம். ஈசியூ மறுபடி பழகிக்கும். டிரைவர் கண்ணாடி ஆட்டோ வேலை செய்யலனா முழுக்க ஏத்தி பட்டன ரெண்டு மூணு செகண்ட் புடிச்சிருங்க. எர்த் பட்டை மாத்தின அப்புறம் அதே ரெண்டு வோல்ட்டையும் மறுபடி எடுத்துப் போடுங்க, பாப்போம்.